நெகட்டிவ் இருக்குங்களா?

(உலகப் புகைப்பட நாளையொட்டித் தாம்பரத்தில் நடந்த தொழில் நண்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர், மேடவாக்கம் என்று பல பக்கங்களிலிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் தொழில் நண்பர்களே, கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

இன்றைக்கு ஆகஸ்ட் 19. 1839-ஆம் ஆண்டு இதே நாளில் பாரிஸில் தாகேர் என்பவர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையை பிரெஞ்சு அரசு உலகத்துக்கே பொதுவாக்கியது. நம் பஞ்சாங்கத்தில் இந்த நாளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆடி கழிந்து ஆவணி பிறந்து இரண்டு நாள் ஆகிறது. ஒரு மாதமாகச் சும்மா கிடந்த பேட்டரிகளை நேற்றுத்தான் சார்ஜில் போட்டிருப்பீர்கள். முதல் முகூர்த்தத்துக்கு இரண்டாவது கேமராமேன் கிடைப்பாரா என்று யோசித்துக்கொண்டேதான் பாதிப் பேர் இங்கே உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொழிலை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எந்தக் கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்பதெல்லாம் என்னைவிட இந்தத் தம்பிகளுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். ஒரு அம்மா என் கடை வாசலில் நின்று கேட்ட கேள்வி. "அண்ணே, நெகட்டிவ் இருக்குங்களா?" அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது டார்க்ரூம் பையனாக. சிவப்பு பல்பு, மூன்று தட்டு, ஒரு தொட்டி. டெவலப்பரில் விழுந்த வெள்ளைத் தாளில் முதலில் புருவம் வரும், பிறகு மீசை வரும், கடைசியில்தான் ஆள் வருவார். ஹைப்போவில் போட்டு எடுத்து, ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். அலசுவது போதவில்லை என்றால் இரண்டு வருடத்தில் படம் பழுத்துவிடும். "வாடிக்கையாளர் காசு கொடுக்கிறது இன்னைக்குப் பார்க்கிறதுக்கு இல்லடா, அவங்க பேரன் பார்க்கிறதுக்கு" என்பார் என் முதலாளி. அலசச் சோம்பேறித்தனப்பட்டால் தலையில் குட்டு விழும். அப்போது எங்கள் கடையில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் சரக்கும் வரும். 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரோடு வந்த அந்தத் தாளில்தான் இந்தத் தாம்பரத்துப் பாட்டன் பூட்டன் பலருடைய முகத்தை நான் அலசி எடுத்தேன்.

அந்தக் காலத்து ஸ்டூடியோவை நினைத்துப் பாருங்கள். நிலாவும் மாடிப்படியும் வரைந்த திரை. கைப்பிடி தேய்ந்த ஒரு நாற்காலி. பவுடர் டப்பா, சீப்பு, சுவரில் கண்ணாடி. குழந்தை குப்புற விழுந்ததும் தூக்கிக்கொண்டு வருவார்கள். தீபாவளிப் புதுத்துணி கசங்குவதற்குள் வருவார்கள். வளைகாப்புக்குப் பூத் தைத்த பெண்ணை ஆட்டோவில் ஆடாமல் அசையாமல் கூட்டி வருவார்கள். பூ ஜடை முதுகுப் பக்கம் இருக்கும், முகம் முன்பக்கம். இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும். என்ன செய்வோம்? ஆளுயரக் கண்ணாடியைப் பின்னால் சாய்த்து வைப்போம். ஜடை முழுசாகத் தெரிய வேண்டும், ஆனால் கேமராவோ என் தலையோ கண்ணாடியில் தெரிந்துவிடக் கூடாது. அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. தாழம்பூவும் மல்லிகையும் சேர்ந்து அந்தச் சின்ன அறை முழுக்க மணக்கும். விமானப்படைத் தளத்துக்குப் பயிற்சிக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் சீருடையில் வந்து நிற்பார்கள், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லி மறுத்த கிழவிகளும் உண்டு. அவர்களைப் பேரன்கள் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைப்பார்கள்.

இதெல்லாம் எங்கே போனது? கடை மாறியது, கலர் வந்தது, லேப் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. 2012 ஜனவரியில் கோடக் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அப்போது நம் தெருக்களில் எத்தனை மஞ்சள் போர்டுகள் இறங்கின! பாஸ்போர்ட் சைஸ் படம் நம் அன்றாடச் சோறாக இருந்தது. இப்போது பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள், ஆதார் மையத்திலும் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு மிஞ்சியது கல்யாணம். கல்யாணம் மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். 2008-ல் கடையைச் சின்ன இடத்துக்கு மாற்றினேன். பத்தொன்பது வருட நெகட்டிவ், காக்கிக் கவரில் தேதி எழுதி, அட்டைப் பெட்டிகளில் இருந்தது. புது இடத்தில் வைக்க இடமில்லை. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது அல்லவா? அதை எரித்து வெள்ளி எடுக்கிறவர் ஒருவர் வந்து கிலோக் கணக்கில் எடுத்துப் போனார். கலர் நெகட்டிவில் வெள்ளி மிஞ்சாது, கழுவும்போதே போய்விடும். அதை அவர் சும்மா கொடுத்தும் வாங்கவில்லை. இரண்டு நாள் வாசலில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் நகராட்சிக் குப்பை வண்டியில் நானே தூக்கிப் போட்டேன். பத்தொன்பது வருடம். எத்தனை தாலி, எத்தனை மாலை, எத்தனை முகம்! 'இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள்?' என்று நினைத்தேன்.

ஏழு வருடம் கழித்துக் கேட்டார்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி உங்களுக்கு மறந்திருக்காது. அந்த ஒரு நாள் கணக்கில் மட்டும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளம் முழுக முழுகத் தண்ணீர். படகில் ஆட்களை ஏற்றினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாக மெத்தையும் பீரோவும் வெளியே கிடந்தன. அவற்றின் நடுவே இன்னொன்றும் கிடந்ததைக் கவனித்தீர்களா? ஆல்பம். வீட்டுக்கு வீடு ஆல்பம். ஊறி உப்பிப்போய், அட்டை பிளந்து, வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். முடிச்சூர்க்காரர். 1991-ல் அவர் கல்யாணத்தை எடுத்தது நான்தான். பிளாஸ்டிக் பையில் ஆல்பம், சேற்று நாற்றத்தோடு. மேசைமேல் வைத்துவிட்டு அவர் முதலில் கேட்டது: "அண்ணே, நெகட்டிவ் இருக்குங்களா?"

என்ன சொல்வேன்? குப்பை வண்டியில் போட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. இல்லைம்மா என்றேன். அவர் அழவில்லை. "எங்க அப்பா படம் வேற கிடையாதுண்ணே. இதுல மட்டும்தான்" என்றார்.

நண்பர்களே, ஒரு நல்ல காலம், அவர் ஆல்பத்தை வெயிலில் காயப் போடவில்லை. ஈரத்தோடு அப்படியே கொண்டு வந்துவிட்டார். இதை ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வெள்ளத்தில் உதவும். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. மேலே இருக்கும் ஜெலட்டின் பசை மாதிரி இறுகிவிடும். இழுத்தால் முகம் உரிந்து எதிர்த்தாளோடு போகும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அதுவாக விடும்வரை காத்திருந்து பிரிக்க வேண்டும். நம் படங்கள் தண்ணீரில் பிறந்தவைதானே! பழைய டார்க்ரூம் தட்டைத் தேடி எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிலந்தி வலை அச்சடித்த மெல்லிய தாள் இருக்குமே, அந்த ஆல்பம். அந்தத் தாள் எல்லாப் படத்தின்மேலும் தோல்போல ஒட்டியிருந்தது. விரல் நுனியில் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டு, ஒரு மூலையிலிருந்து தள்ளித் தள்ளி, ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்தேன். படத்தின் முகத்தைத் தொடக் கூடாது. தொட்டால் கலர் விரலோடு வழுக்கி வரும். கன்னிகாதானப் படம் அப்படித்தான் போனது. மகள் கை தெரிந்தது, சொம்பு தெரிந்தது, அப்பா இருந்த இடம் ஆரஞ்சு நிறக் கறையாக இருந்தது. குரூப் போட்டோவிலும் அவர் நின்ற மூலைதான் போயிருந்தது.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் பிழைத்திருந்தது. பந்திப் படம். ரோல் முடியவில்லை என்று இரண்டு மூன்று தட்டித் தீர்ப்போமே, அந்தப் படம். என் கூட வந்த பையன் எடுத்தது. பக்கம் நிரப்ப ஒட்டியது. அதில் அந்த அப்பா தோளில் துண்டோடு சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய இலையையோ குனிந்து பார்க்கிறார். பெண்ணைப் பெற்றவர், தன் கையால் பரிமாறுகிறார். பட்டு வேட்டியில் சாம்பார் தெறித்த கறைகூடத் தெரிகிறது. அதைத்தான் ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான்.

யார் கேட்டார்கள் அந்தப் படத்தை? யாரும் கேட்கவில்லை. எந்தப் பேக்கேஜில் வரும் அது? எதிலும் வராது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு குடும்பத்துக்கு எந்தப் படம் வேண்டியிருக்கும் என்பது கல்யாணத்தன்று அந்தக் குடும்பத்துக்கே தெரியாது. எடுக்கிறவனுக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லாரையும் எடுக்க வேண்டும், எடுத்ததை வைத்திருக்க வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஒருவர் ஓடுவார். போட்டோவுக்கு ஒருவர் ஓடுவார். விடியற்காலையில் ஸ்டூடியோ ஷட்டரைத் தட்டுகிறவர் கையில் என்ன கொண்டு வருகிறார்? பத்தில் எட்டு முறை ஒரு கல்யாணப் படம். அதில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கும் ஒரு பெரியவர். அவர் தலையை மட்டும் எடுத்து, நீலப் பின்னணி வைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பன்னிரண்டுக்குப் பதினைந்து லேமினேஷன். பத்து மணிக்குள் வேண்டும், மாலை போட வேண்டும், போஸ்டருக்கும் அனுப்ப வேண்டும். இந்த வேலையைச் செய்யாதவர் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கண் மூடியிருக்கும் படத்தில் வேறொரு படத்துக் கண்ணை வைத்துக் கொடுக்காதவர் இருக்கிறீர்களா?

அப்படியானால் யோசித்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவை நாம் இன்றைக்கு எடுக்காவிட்டால் அவருக்கு வேறு படம் ஏது? அவர் இனி ஸ்டூடியோவுக்கு வரப்போவதில்லை. செல்ஃபியில் அவர் காது மட்டும் விழும். எப்படியும் அவரைச் சுவரில் மாட்டப்போவது நாம் எடுக்கும் படம்தான். மறைந்து நிற்கும் தலையாக அது வேண்டாம். நேராகப் பார்த்து, கொஞ்சம் சிரித்து, நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும்.

இப்போதைய கேண்டிட் படங்களை நான் குறை சொல்லவில்லை. அழகாக எடுக்கிறீர்கள், எங்களுக்கு வராத அழகு அது. தாலி கட்டும் அந்தச் சில நொடியில் கெட்டிமேளமும் அட்சதையும் பறக்க, நாத்தனார் கை பின்னால் முடிச்சுப் போட, பெண்ணின் கண் கலங்குவதை அப்படியே பிடிக்கிறீர்களே, சபாஷ். ஆனால் நாலாயிரம் படத்தில் மூவாயிரம் மணமக்கள் இருவர்தான் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேடையில் வரிசையில் நின்று மொய்க்கவர் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதை 'ட்ரெடிஷனல்' என்று பெயர் வைத்துப் புதுப் பையனிடம் தள்ளிவிடுகிறோம். உண்மையில் அதுதான் அந்தக் குடும்பத்தின் கணக்கெடுப்பு. பேசாமல் இருந்த சித்தப்பா வந்து நின்றது அதில்தான் பதிவாகிறது. கோயில் கல்யாணமோ, சர்ச் கல்யாணமோ, நிக்காஹோ, குரூப் போட்டோவுக்கு உங்கள் கையில் இருக்கும் சிறந்த ஆளை நிறுத்துங்கள். ஒவ்வொரு தலையும் தெரிகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

அடுத்தது, வைத்திருப்பது. ரிசப்ஷன் ஒரு நாள், முகூர்த்தம் ஒரு நாள், மூன்று கேமரா, வீடியோ வேறு. சில நூறு ஜிபி வந்துவிடுகிறது. ஒரு ஹார்ட் டிஸ்கில் போடுகிறோம். பென் டிரைவில் கொடுத்துவிடுகிறோம். அடுத்த முகூர்த்த சீசனில் டிஸ்க் நிரம்பியதும் பழையதை அழிக்கிறோம். நான் நெகட்டிவைக் குப்பை வண்டியில் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்காவது இரண்டு நாள் வாசலில் கிடந்தது, மனம் மாற நேரம் இருந்தது. உங்களுக்கு ஒரு பட்டன்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். கேமராவிலேயே இரண்டு கார்டு. கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன்னால் இரண்டு டிஸ்கில் பிரதி. ஒன்று கடையில். இன்னொன்று என் தங்கை வீட்டில், இரண்டாம் மாடியில். ஏன் மாடி என்று முடிச்சூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த முந்நூறு படமாவது இணையச் சேமிப்பில் மூன்றாவது பிரதியாக. வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில் வேலை இல்லாதபோது, எல்லா டிஸ்கையும் சுழலவிட்டுப் பார்க்கிறேன். சத்தம் மாறினால் உடனே புது டிஸ்க். இதற்குச் செலவாகும். அதனால் பில்லில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'பத்து வருடப் பாதுகாப்பு', அதற்குத் தனித் தொகை. கேட்பவர்கள் பேரம் பேசுவார்கள் என்று நினைத்தேன். ட்ரோனுக்குப் பேரம் பேசுகிறவர்கள் இதற்குப் பேசுவதில்லை. நாம் விற்கவே இல்லை, அதனால் யாரும் வாங்கவில்லை.

ட்ரோன் என்றதும் ஞாபகம் வருகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், மறு பக்கம் விமானப்படைத் தளம். 2021 ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், அனுமதி இல்லாமல் இங்கே பறக்கவிட வேண்டாம். வாடிக்கையாளர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

இன்னொரு விஷயம், இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். எடுத்தவன் நான், அதனால் படம் என்னுடையது என்று பலர் நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். அப்படியென்றால் மணப்பெண்ணின் படத்தை அவளைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட நமக்கு ஏது அனுமதி? சட்டத்தை விடுங்கள். மணமேடைக்கு வருவதற்கு முன், அறைக்குள்ளே அலங்காரம் நடக்கும்போது, வேற்று ஆள் ஒருவரை உள்ளே விடுகிறார்களே, அது யாரை? நம்மைத்தான். அந்த நம்பிக்கையில் எடுத்த படம் அது. ஒப்பந்தத் தாளில் ஒரு கட்டம் போடுங்கள்: வலைத்தளத்தில் போடலாம், போடக்கூடாது. மணப்பெண்ணே டிக் அடிக்கட்டும், பெண்ணின் அப்பா வேண்டாம். போடக்கூடாது என்று அடித்தால் உங்கள் ஆயுளின் சிறந்த படமாக இருந்தாலும் போடாதீர்கள்.

என் கடை அலமாரியின் மேல்தட்டில் மூன்று ஆல்பம் இருக்கிறது. எடுத்துப் போக ஆள் வரவில்லை. ஒருவர் பாக்கிப் பணத்துக்குத் தயங்கி வரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு ஜோடி ஆல்பம் வருவதற்குள் பிரிந்துவிட்டார்கள். இன்னொன்றின் விவரம் சொல்ல மனம் வரவில்லை. பாக்கி வராது என்று தெரியும். இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்று என் மகன் சொல்கிறான். போட மாட்டேன். அந்தப் பிரிந்த ஜோடியின் ஆல்பத்திலும் இரண்டு தாத்தா, மூன்று பாட்டி இருக்கிறார்கள். என்றைக்காவது யாராவது ஷட்டரைத் தட்டுவார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய், மிச்சமிருந்த படங்களையும் நெகட்டிவ்களையும் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது. நம் மாதிரிச் சின்னக் கடைக்காரர்கள் எடுத்த படங்கள் அவை. தாம்பரத்திலிருந்து அங்கே போகவேண்டிய பத்தொன்பது வருடம் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

உங்கள் வீட்டுப் பரணில், கடை மாடிப்படிக்கு அடியில், அப்பா காலத்து நெகட்டிவ் பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்யத் தெரியாவிட்டால் என் கடைக்கு வாருங்கள், கற்றுத் தருகிறேன். காசு வேண்டாம். நான் செய்ததற்கு இதையாவது செய்கிறேன்.

நேரமாகிவிட்டது. எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஒரு முகூர்த்தம், நாலரைக்கு மேல் ஆறுக்குள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ரிசப்ஷன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வர எட்டாகும். என் பையன்களிடம் ஆறு மணிக்கே மண்டபத்தில் இருக்கச் சொல்லிவிட்டேன். பாட்டிகள் சீக்கிரம் வந்து முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவார்கள். அவர்கள் தலையில் பூ வாடுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.